காட்டுக்கோழி பார்க்க ஒரு லேசான பைனாகுலர்: நெல்லைப் பக்கத்துப் புதியவர்களுக்கு

எங்கள் வீட்டுப் பரணில் நீளமான தோல் உறை ஒன்று கிடக்கிறது. உள்ளே ஒன்றும் இல்லை. தாத்தாவின் இரட்டைக்குழல் துப்பாக்கி இருந்த உறை அது. அவருக்குப் பிறகு லைசென்ஸைப் புதுப்பிக்க ஆளில்லாமல் துப்பாக்கியை ஸ்டேஷனில் ஒப்படைத்துவிட்டார்கள். உறையை யாரும் கேட்கவில்லை. பன்னிரண்டு போர் (bore, குழலின் உள்ளளவு), நீளக்குழல், மூன்றரைக் கிலோவுக்கு மேல் எடை. தாத்தா கடைசிவரை அதைக் குறை சொல்லிக்கொண்டே இருந்தார். "கோழி எந்திரிச்சுப் போயி அடுத்த பொத்தையில உக்காந்த பெறவுதாம்ல இது தோளுக்கே வரும்" என்பார். (பொத்தை என்றால் சின்னக் கற்குன்று.) சீமையில் புதர்க்காட்டில் நடந்து நடந்து, நாய் கிளப்பிவிடும் பறவையைச் சுடுகிறவர்கள் 20 போர் மாதிரி குழல் சிறுத்த, லேசான துப்பாக்கியைத் தேடுவதும் இதற்காகத்தான். சுடுவது ஒரு நொடி, சுமப்பது பொழுது முழுக்க.

நம்மூரில் அந்தப் பழக்கத்துக்கு 1972-இல் வந்த வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் கதவைச் சாத்தத் தொடங்கியது. அதன்பின் சட்டம் இன்னும் இறுகியதே தவிர இளகவில்லை. காட்டுக்கோழி, சுண்டாங்கோழி, கௌதாரி, காடை என்று எதையும் சுடக்கூடாது, கண்ணி வைக்கக்கூடாது, முட்டை எடுக்கக்கூடாது. (கடையில் விற்கிற காடை பண்ணையில் வளர்க்கும் ஜப்பானியக் காடை. அது வேறு சங்கதி.) ஆனால் அந்தப் பறவைகளின் பின்னால் விடியற்காலையில் நடக்கிற சுகம் அப்படியே இருக்கிறது. இப்போது கையில் இருக்கவேண்டியது பைனாகுலர். தாத்தா துப்பாக்கிக்குச் சொன்ன கணக்கு இதற்கும் அச்சு அசலாகப் பொருந்துகிறது. அதைத் தெரிந்துகொள்ள எனக்கு இரண்டு பைனாகுலர் தேவைப்பட்டது.

முதலாவது குற்றாலம் சீசனில் ஒரு கடையில் வாங்கியது. சிவப்பாக மின்னும் கண்ணாடி, மேலே 20×50 என்று பெரிய எழுத்து. இருபது மடங்கு பெரிதாகக் காட்டுமே என்ற ஆசை. கடைக்கார அண்ணாச்சி ஐந்தருவி உச்சியில் இருந்த குரங்கைக் காட்டினார், பணத்தை எடுத்துக் கொடுத்துவிட்டேன். காட்டுக்குள் கொண்டுபோனால் இருட்டு. கை நடுக்கம் இருபது மடங்கு. பறவையைக் கண்டுபிடிப்பதற்குள் அது முட்டையிட்டுக் குஞ்சு பொரித்துவிடும் போலிருந்தது. அதனால்தான் இதை வரிசையாகச் சொல்கிறேன்.

முதலில்: குளமா, காடா?

கடைக்குப் போவதற்கு முன் முடிவு செய்யவேண்டியது இது. நம் பக்கத்தில் பறவை பார்ப்பது இரண்டு விதம். ஒன்று குளம். கூந்தன்குளம், விஜயநாராயணம் பெரிய குளம், ஊருக்குள்ளேயே நயினார்குளம். அங்கே வெளிச்சத்துக்குப் பஞ்சமில்லை, பறவை தூரத்தில் நிற்கும், அவசரமில்லாமல் பார்க்கலாம். கூந்தன்குளத்தில் பறவைகளுக்காகத் தீபாவளிக்கே வெடி போடாத ஊர்க்காரர்கள் இருக்கிறார்கள். அங்கே நாரைகள் வீட்டு மரத்திலேயே கூடு கட்டுகின்றன. அதற்குப் பைனாகுலரே தேவையில்லை என்று கூடச் சொல்வேன்.

மற்றது காடும் காட்டோரமும். பாபநாசத்துக்கு மேலே முண்டந்துறை, களக்காட்டுத் தலையணை, திருக்குறுங்குடி நம்பி கோயில் மலைப்பாதை, மலையடி வயல்கள், உடைமரங்கள் நிற்கும் பொத்தைகள். இங்கே கணக்கே தலைகீழ். பறவை பத்து முதல் முப்பது மீட்டருக்குள் இருக்கும். ஆனால் நிழலில் இருக்கும். நின்ற இடத்தில் நிற்காது. உங்களுக்குக் கிடைப்பது மூன்று, நான்கு நொடி. ஆக காட்டுக்கு வேண்டியது பரந்த பார்வையும், இருட்டில் வெளிச்சம் வாங்கும் கண்ணாடியும், சட்டென்று கண்ணுக்கு வரும் லேசான உடம்பும்தான். உருப்பெருக்கம் கடைசியில்தான் வருகிறது.

மேலே எழுதியிருக்கும் எண்கள்

8×32 என்று போட்டிருந்தால், எட்டு மடங்கு பெரிதாகக் காட்டும், முன்கண்ணாடியின் விட்டம் 32 மி.மீ. இரண்டாவது எண்ணை முதல் எண்ணால் வகுங்கள். 32-ஐ 8-ஆல் வகுத்தால் 4. கண்ணுக்குள் வந்து விழும் ஒளி வட்டம் 4 மி.மீ. அகலம் என்று பொருள். 8×42-க்கு 5.25. 10×42-க்கு 4.2. என் குற்றாலத்து 20×50-க்கு வெறும் 2.5.

இது எதற்கு என்றால், வெயிலில் நம் கண்மணி இரண்டு மூன்று மி.மீ. அளவுக்குத்தான் திறந்திருக்கும். எந்தப் பைனாகுலரும் போதும். விடியற்காலை ஆறு மணிக்கு மரத்தடி நிழலில் அது நாலு, ஐந்து என்று விரியும். அப்போது பைனாகுலர் 2.5 மட்டும் கொடுத்தால் கண் திறந்தும் பயனில்லை. நாலுக்குக் குறையாமல் வாங்குங்கள் என்பது என் கணக்கு. வயது ஏற ஏறக் கண்மணி விரிவது குறையும். எனவே ஐம்பதைத் தாண்டியவர்கள் ஐந்துக்கு மேல் ஆசைப்பட்டுக் கூடுதல் எடை சுமப்பதில் லாபம் கொஞ்சம்தான்.

அடுத்து பார்வையின் அகலம். பெட்டியிலோ உடம்பிலோ டிகிரியில் போட்டிருப்பார்கள், அல்லது 1000 மீட்டரில் இத்தனை மீட்டர் என்று. நல்ல எட்டு மடங்குக் கருவிக்கு ஏழரை டிகிரி, அதாவது 1000 மீட்டரில் 131 மீட்டர் இருக்கும். பத்து மடங்குக்கு ஆறு டிகிரி, 105 மீட்டர் என்று வைத்துக்கொள்ளுங்கள். இருபது மீட்டர் தள்ளி ஒரு புதரைப் பார்க்கிறீர்கள் என்றால் முன்னதில் 2.6 மீட்டர் அகலம் தெரியும், பின்னதில் 2.1. அரை மீட்டர்தானே என்று தோன்றும். ஓடுகிற சுண்டாங்கோழியின் பின்னால் அந்த அரை மீட்டர் போய்விட்டால் பார்ப்பது வெறும் சருகுதான்.

இந்தக் காரணங்களால்தான் காட்டுக்கு எட்டு மடங்கு போதும் என்கிறேன். பத்து மடங்கு வேண்டாம் என்று சண்டை போடமாட்டேன். குளத்தங்கரையிலேயே காலம் கழிக்கிறவருக்கு அது நல்லதுதான். பெரிதாக்கும் அளவைத் திருகி மாற்றிக்கொள்ளலாம் என்கிற ஜூம் பைனாகுலரை மட்டும் யார் கொடுத்தாலும் வாங்காதீர்கள். சிவப்புக் கண்ணாடியையும்தான். அது உள்ளே வரவேண்டிய சிவப்பு வெளிச்சத்தைத் திருப்பி அனுப்பிவிடும். காட்டுக்கோழியின் கொண்டை பச்சைக்கும் நீலத்துக்கும் நடுவில் எங்கேயோ தெரியும்.

எடை

8×42 என்றால் 600 முதல் 750 கிராம் வரை இருக்கும். 8×32 என்றால் 450 முதல் 550. வித்தியாசம் ஒரு டம்ளர் தண்ணீர் அளவு. கடையில் கையில் வாங்கும்போது ஒன்றும் தெரியாது. நம்பி கோயிலுக்கு ஏறி இறங்கிப் பாருங்கள், பின்கழுத்து சொல்லும்.

என் இரண்டாவது பைனாகுலர் 8×42. குறை சொல்ல முடியாத கருவி. ஆனால் இரண்டு மாதத்தில் ஒன்றைக் கவனித்தேன்: அதை பைக் பெட்டியிலேயே வைத்துவிட்டு நடக்க ஆரம்பித்திருந்தேன். "இங்க என்ன இருக்கப்போவுது" என்று ஒரு சமாதானம். அப்படி ஒருநாள் வெறுங்கையோடு போனபோதுதான் ஒரு மரகதப்புறா, நம் மாநிலப் பறவை, காலடியிலிருந்து பத்தடியில் இரை பொறுக்கிக்கொண்டிருந்தது. மறுமாதம் அதை விற்றுவிட்டு 8×32-க்கு மாறினேன். விடியலில் முதல் பத்து நிமிடம் 8×42 அளவுக்கு வெளிச்சம் வராது, உண்மைதான். ஆனால் அது எப்போதும் கழுத்தில் இருக்கிறது.

ஆகவே நடக்கிறவர் 8×32 வாங்குங்கள். வண்டியில் போய் இறங்கி நின்று பார்க்கிறவர், அல்லது குளத்துக்கும் காட்டுக்கும் ஒன்றே போதும் என்பவர் 8×42 வாங்குங்கள். சட்டைப்பைக்குள் போகும் 8×25 பார்க்க அழகு; 3 மி.மீ. வட்டத்துக்கு நிழல் ஆகாது.

எடையோடு சேர்ந்தது வாரும். பெட்டியில் வரும் மெல்லிய வாரைத் தூக்கிப் போட்டுவிட்டு, இரண்டு தோளிலும் மாட்டிக்கொள்ளும் பட்டை வாங்குங்கள். பாரம் கழுத்தை விட்டுத் தோளுக்குப் போய்விடும், குனிந்தால் முன்னால் ஊசலாடாது. கழுத்து வாரேதான் என்றால் கருவி வயிற்றில் தட்டாமல் நெஞ்சில் நிற்கும்படி குட்டையாக்கிக்கொள்ளுங்கள்.

நேர்க்குழலா, தோள் விரிந்ததா?

பழைய படங்களில் பட்டாளத்துக்காரர் வைத்திருப்பது தோள் விரிந்த வகை, போரோ என்பார்கள். இரண்டு குழலும் நேராக இருப்பது ரூஃப் வகை. ஒரே விலையில், அதுவும் குறைந்த விலையில், போரோவில் படம் துலக்கமாக இருக்கும். ஒலிம்பஸின் 8×40 டிபிஎஸ் அந்த வகையில் ரொம்ப நாளாகப் பேர்பெற்றது. ஆனால் போரோ கொஞ்சம் பருமன், மலிவானவற்றுக்கு மழை ஆகாது. நம் மலைக்கோ சாரலும் உண்டு, ஐப்பசி அடைமழையும் உண்டு. பணம் கொஞ்சம் கூடப் போட முடிந்தால் நீர் புகாத, உள்ளே நைட்ரஜன் நிரப்பிய ரூஃப் வகைக்குப் போங்கள். பத்தாயிரத்தை ஒட்டிய விலையிலேயே நிக்கான் போன்றவர்கள் தயாரிப்பது கிடைக்கிறது. அதற்கும் கீழே போரோதான் நல்லது.

கடையில் செய்யவேண்டியது

இணையத்தில் வாங்குவதானாலும் முதலில் யாராவது வைத்திருப்பதை வாங்கிக் கண்ணில் வைத்துப் பாருங்கள். மூக்கு, கண் இடைவெளி, கைப்பருமன் ஆளுக்கு ஆள் வேறு. கடைக்குப் போவதென்றால் சாயங்காலம் ஆறு மணிக்குப் போங்கள். உச்சி வெயிலில் எல்லாப் பைனாகுலரும் நல்ல பைனாகுலர்தான்.

கருவியைக் கை நீட்டி எட்டத்தில் பிடித்து, கண் வைக்கும் பக்கத்தைப் பாருங்கள். உள்ளே வெளிச்சமான சின்ன வட்டம் தெரியும். அது முழு வட்டமாக இருந்தால் உள்ளிருக்கும் பட்டகம் (ஒளியைத் திருப்பிவிடும் கண்ணாடிக் கட்டி) நல்ல கண்ணாடி. பாக்-4 என்று எழுதியிருப்பார்கள். ஓரம் வெட்டுப்பட்டுச் சதுரம் போலத் தெரிந்தால் மலிவுக் கண்ணாடி. அடுத்து தெருவுக்கு வந்து, தூரத்தில் குறுக்கே போகும் கரண்ட் கம்பியைப் பாருங்கள். ஒரு கம்பி ஒரு கம்பியாகத் தெரியவேண்டும். இரண்டாகப் பிரிந்தோ, பார்க்கப் பார்க்கக் கண்ணை இழுத்தோ தெரிந்தால் இரு குழலும் ஒரே திசையில் இல்லை என்று அர்த்தம். வைத்துவிடுங்கள். பத்து நிமிடத்தில் தலைவலிக்கும், சரிசெய்ய நம்மூரில் ஆளும் இல்லை. வானத்துக்கு எதிரே நிற்கும் கம்பத்தின் ஓரத்தில் ஊதாவும் பச்சையும் கோடு போட்டால், அது கொஞ்சம் இருக்கத்தான் செய்யும். நடுவிலேயே பட்டையாகத் தெரிந்தால்தான் யோசிக்கவேண்டும்.

கண்ணாடி போட்டவர்கள் மூக்குக்கண்ணாடியோடே பாருங்கள். கண்ணுக்கும் கருவிக்கும் இடையில் விடும் தூரம் 15 மி.மீ.க்குக் குறையக்கூடாது. குறைந்தால் சாவித் துவாரம் வழியாகப் பார்ப்பது மாதிரி இருக்கும். கடைசியாக உங்கள் செருப்பைப் பாருங்கள். இரண்டு மூன்று மீட்டருக்குள் தெளிவு வந்தால் வண்ணத்துப்பூச்சிக்கும் ஆகும்.

வீட்டுக்கு வந்ததும், கண்ணுக்குப் பொருத்துவது

நிறையப் பேர் இதைச் செய்யாமலே வருடக்கணக்கில் பார்த்துவிட்டு, பைனாகுலர் சரியில்லை என்பார்கள். நாலே வேலை. இரண்டு குழலையும் மடக்கி விரித்து, இரண்டு வட்டமும் ஒரே வட்டமாகும் இடத்தில் நிறுத்துங்கள். கண் வைக்கும் ரப்பர் கிண்ணத்தை, மூக்குக்கண்ணாடி போட்டவர் உள்ளே தள்ளியும் போடாதவர் வெளியே இழுத்தும் வையுங்கள். வலப்பக்க முன்கண்ணாடியைக் கையால் மறைத்து, இடக்கண்ணால் ஒரு தென்னை ஓலையைப் பார்த்து நடுச் சக்கரத்தால் தெளிவாக்குங்கள். இப்போது இடப்பக்கத்தை மறைத்து, நடுச் சக்கரத்தைத் தொடாமல், வலக்கண் அருகே இருக்கும் சின்ன வளையத்தை மட்டும் திருகி அதே ஓலையைத் தெளிவாக்குங்கள். (சில கருவிகளில் அந்த வளையம் வேறிடத்தில் இருக்கும்.) வளையம் நின்ற இடத்தில் பேனாவால் ஒரு புள்ளி வையுங்கள். பிள்ளைகள் கை பட்டால் நகர்ந்துவிடும்.

தூக்கிப் பழகுவது

இதுதான் தாத்தாவின் பாடம். பறவையைப் பார்த்ததும் புதியவர் செய்வது, குனிந்து நெஞ்சில் இருக்கும் கருவியைத் தேடுவது. நிமிரும்போது பறவை எங்கே என்று தெரியாது. பார்வையைப் பறவையிடமிருந்து எடுக்கவே கூடாது. தலை அசையாமல், கருவிதான் கண்ணுக்கு வரவேண்டும். துப்பாக்கிக் கட்டை கன்னத்துக்கு வருவது மாதிரி.

ஒரு வாரம் மொட்டை மாடியில் காக்காயை வைத்துப் பழகுங்கள். நிற்கிற காக்காய் இரண்டு நாள், பறக்கிற காக்காய் மூன்று நாள், பிறகு சிட்டு. அக்கா மகனுக்கு இப்படித்தான் சொல்லிக்கொடுத்தேன். முதல் நாள் "மாமா, கறுப்பாத்தான் தெரியுது" என்றான். மூடியைக் கழற்றவில்லை.

அவனையே கூட்டிக்கொண்டு ஒரு மாசி மாதக் காலையில் காரையாறு ரோட்டில் போனேன். ஒரு திருப்பத்தில், "குக், காயா காயா குக்" என்று குரல், கடைசிச் சத்தம் தொண்டையில் உடைந்த மாதிரி. வீட்டுச் சேவல் கூவுவது போல நீளாது. வண்டியை அணைத்துவிட்டு நின்றோம். ரோட்டோரச் சருகிலிருந்து சேவல் வெளியே வந்தது. அவன் தலை அசையவில்லை, கை மட்டும் எழுந்தது. கழுத்து இறகு முழுக்க மெழுகு சொட்டு விழுந்த மாதிரி மஞ்சள் புள்ளிகள். தூண்டிலில் கட்டும் போலிப் பூச்சிக்காக அந்த இறகுக்கு மேல்நாட்டில் அவ்வளவு கிராக்கி இருந்தது, அதற்காகவே எத்தனையோ சேவல்கள் போயின. வால் கறுப்பா ஊதாவா என்று தீர்மானிப்பதற்குள் புதருக்குள் போய்விட்டது. "நெஞ்சுல வெள்ளையா ஒண்ணு பின்னாலயே போச்சு மாமா" என்றான். அதுதான் பெட்டை. வெள்ளை நெஞ்சில் கரும் விளிம்போடு செதில் செதிலாக இருக்கும். நான் பார்க்கவில்லை, அவன் பார்த்தான்.

எங்கே, எப்போது

முண்டந்துறைப் பக்கம் களக்காடு முண்டந்துறைப் புலிகள் காப்பகம், 1988-இல் வந்தது. சோதனைச் சாவடியில் நேரக்கட்டுப்பாடு உண்டு. கேட்டுக்கொண்டு போங்கள், ரோட்டை விட்டு இறங்காதீர்கள். ஆடி அமாவாசையை ஒட்டிச் சொரிமுத்து அய்யனார் கோயிலுக்குக் கூட்டம் அலைமோதும். அந்த வாரம் பறவைக்கு லீவு விட்டுவிடுங்கள்.

அனுமதி எதுவும் வேண்டாம் என்றால் மலையடி வயலோரமும் பொத்தைகளும் போதும். கௌதாரிக்கு உடைமரமும் வரப்பும் இருந்தால் சரி. காலையில் சத்தம் போட்டே இடத்தைக் காட்டிக்கொடுக்கும். காடையைத் தேடிப் போகமுடியாது, காலடியிலிருந்து குபீரென்று கிளம்பினால் உண்டு. சிவப்புச் சுண்டாங்கோழி பறப்பதை விட ஓடுவதில் நம்பிக்கை உள்ளது. கண்ணைச் சுற்றிச் சிவந்த தோல் தெரிகிறதா என்று பாருங்கள். குளிர்காலத்தில் ஆறுமணிக்குருவியும் வந்துவிடும். காலை ஆறுக்கும் மாலை ஆறுக்கும் சீட்டி அடித்துவிட்டுச் சருகைக் கிளறும். வெளிச்சம் குறைந்த நேரத்துப் பறவை, உங்கள் 4 மி.மீ. வட்டத்துக்கு நல்ல பரீட்சை.

சட்டை மங்கிய பச்சை, காவி என்று எதுவானாலும் சரி, வெள்ளை வேட்டி மட்டும் வேண்டாம். போனில் குரலை ஓடவிட்டுப் பறவையை வரவழைக்காதீர்கள். முட்டை, குஞ்சு இருக்கும் காலத்தில் அது கூட்டை விட்டு வந்து அலையும்.

மழைக்காலம்

பைனாகுலருக்கு நம்மூரில் எமன் பூஞ்சைதான். ஐப்பசி, கார்த்திகையில் பீரோவுக்குள் வைத்துவிட்டுத் தை மாதம் எடுத்தால் கண்ணாடிக்குள் சிலந்தி வலை மாதிரி படர்ந்திருக்கும். காட்டிலிருந்து வந்ததும் துடைத்து, ஒரு ராத்திரி ஃபேன் காற்றில் வைத்துவிட்டு, பிறகு உள்ளே வையுங்கள். கண்ணாடியைத் துண்டின் நுனியால் துடைக்காதீர்கள்; முதலில் ஊதுகுமிழால் தூசியை ஊதி, மெல்லிய பிரஷ்ஷால் தட்டி, அதன்பின் மைக்ரோஃபைபர் துணி. மணல் துகள் ஒன்று போதும், பூச்சு கீறிப்போகும்.

"சும்மாதான கெடக்கு, தாத்தா ஒறையில வச்சா என்ன?" என்று அம்மா கேட்டாள். தோல் ஈரத்தைக் குடித்து வைத்துக்கொள்ளும். பெட்டியோடு வரும் துணி உறையே ஈரம் கோர்க்கும். இறுக்கமாக மூடும் பிளாஸ்டிக் டப்பா ஒன்று வாங்கி, அடியில் சிலிக்கா ஜெல் பை இரண்டு போட்டு, உறை இல்லாமல் வையுங்கள். நீலக் குருணை ரோஸ் நிறமானால் ஈரம் குடித்துவிட்டது என்று அர்த்தம். பையைப் பிரித்துக் கொட்டி, சின்னத் தீயில் வறுத்தால் மறுபடி நீலமாகும். தோசைக்கல்லில் வறுக்காதீர்கள், அந்த நீலத்தில் கோபால்ட் இருக்கிறது. அதற்கென்று ஒரு பழைய சட்டியைத் தனியாக ஒதுக்கிவிடுங்கள்.